தாவர வைரஸின் ஆர்என்ஏ கட்டுப்பாட்டுக் கூறுகள்: தக்காளி இலையிலிருந்து நிரூபணம் வரை முழுமையான வழிகாட்டி

புகையிலை மொசைக் வைரஸின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 6,400 எழுத்துகள் (ஏ, யு, ஜி, சி என்னும் நியூக்ளியோடைடுகள்) கொண்ட ஓர் ஒற்றை ஆர்என்ஏ இழை. புரதங்களுக்கான குறிப்பு அதில் இருப்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும், நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும், எந்த இழையை உறைக்குள் அடைக்க வேண்டும் என்ற உத்தரவுகளும் அதே இழையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சில உத்தரவுகள் வெறும் எழுத்து வரிசை. பல, இழை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல மடிந்து ஒரு வடிவம் எடுத்த பிறகே வேலை செய்யும். இவற்றைத்தான் கட்டுப்பாட்டுக் கூறுகள் என்கிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தாவர நோயியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிக்கும் முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கானது இது. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளித் தோட்டங்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் மாதிரிக்குப் பஞ்சமில்லை. தடுமாற்றம் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, மரபுத்தொகுதியின் இரு ஓரங்களையும் சரியாகப் படிக்காமலே வேலையைத் தொடங்குவது. இன்னொன்று, கணினி வரைந்து தரும் மடிப்புப் படத்தை முடிவென்று எடுத்துக்கொள்வது. அந்தப் படம் ஒரு யூகம் மட்டுமே. அதனால் இந்த இரண்டுக்கும் கீழே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

1. எந்த வைரஸ்?

நம் பகுதித் தக்காளியில் கண்ணில் படும் வைரஸ் நோய்கள் பெரும்பாலும் மூன்று வகை. இலை சுருண்டு செடி குட்டையாவது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸால். அதன் மரபுத்தொகுதி டிஎன்ஏ, எனவே இந்த வேலைக்கு ஆகாது. நுனி கருகி, இளம் இலை வெண்கல நிறமாகி, காயில் வளையம் விழுந்தால் இலைப்பேன் பரப்பும் நிலக்கடலை மொட்டு கருகல் வைரஸைச் சந்தேகிக்கலாம். இலை நூல்போலக் குறுகினால் அசுவினி பரப்பும் வெள்ளரி மொசைக் வைரஸாக இருக்கலாம். தக்காளி மொசைக் வைரஸும் சில சமயம் அப்படிச் செய்யும். கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எலைசாவோ ஆர்டி-பிசிஆரோ செய்து உறுதிப்படுத்துங்கள். ஒரே செடியில் இரண்டு வைரஸ் இருப்பது சாதாரணம்.

முதன்முறை செய்பவர்கள் மொட்டு கருகல் வைரஸைத் தொடாமல் இருப்பது நல்லது. அது மூன்று துண்டு எதிர்மறை இழை ஆர்என்ஏ. வைரஸ் துண்டுகளின் இரு முனைகளிலும் ஒன்றோடொன்று இணையும் எட்டு எழுத்துகள் உண்டு. அவை சேர்ந்து வாணலிக் கைப்பிடி போன்ற அமைப்பை உருவாக்கும். அதன் தூது ஆர்என்ஏக்களோ செடியின் தூது ஆர்என்ஏக்களிலிருந்து கேப்பையும் (தொடக்க முனையின் மூடி) அதையொட்டிய பத்துப் பதினைந்து எழுத்துகளையும் வெட்டித் திருடி ஒட்டிக்கொள்ளும். 5' முனையை (தொடக்க முனை) படித்தால் ஒவ்வொரு குளோனிலும் வேறு வேறு தொடக்கம் வரும். காரணம் தெரியாதவர், சோதனை கெட்டுவிட்டது என்று மூன்று மாதம் அதையே திரும்பச் செய்துகொண்டிருப்பார்.

வெள்ளரி மொசைக் வைரஸ் வசதியானது. நேர்மறை இழை, அதாவது ரைபோசோம் அப்படியே படிக்கக்கூடியது. மூன்று துண்டு. முதல் ஆர்என்ஏ சுமார் 3,300 எழுத்து, இரண்டாவது 3,000, மூன்றாவது 2,200. மூன்றின் 3' முனையும் (கடைசி முனை) ஏறக்குறைய ஒன்றே. அந்த முனை, அமினோ அமிலம் சுமக்கும் டிஆர்என்ஏ போல மடிந்து, செடியின் நொதியையே ஏமாற்றி டைரோசின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றிக்கொள்ளும். இனி வரும் படிகளில் பெரும்பாலும் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

2. இலை பறிப்பது

காலை நேரத்தில், அறிகுறி தெளிவாகத் தெரியும் இளம் இலையைப் பறியுங்கள். கருகிய திசு வேண்டாம். அங்கே ஆர்என்ஏ சிதைந்திருக்கும். குறைந்தது ஐந்து செடிகளிலிருந்து தனித்தனியே எடுங்கள், ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டு வகை வைரஸின் வரிசை பின்னிக்கொண்டு, பிற்பாடு எது எதனுடையது என்று பிரிக்கவே முடியாது. அறிகுறி இல்லாத செடியிலிருந்தும் ஓர் இலை, அதே வயலில்.

திரவ நைட்ரஜன் சிறந்தது. கால்நடை மருந்தகங்களில் உறைவிந்துக் குச்சிகளுக்காக வைத்திருப்பார்கள். முன்கூட்டிக் கேட்டுவைத்தால் சில இடங்களில் கிடைக்கும். இல்லையென்றால் ஆர்என்ஏலேட்டர் கரைசல். இலையை அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, எடையைப் போல ஐந்து மடங்கு கரைசலில் முழுதாக மூழ்கவிடுங்கள். முழு இலையைப் போட்டால் மெழுகுப் படலத்தைத் தாண்டிக் கரைசல் உள்ளே போகாது. வெளியே பச்சையாக இருக்கும், உள்ளே ஆர்என்ஏ தூளாகியிருக்கும்.

3. ஆர்என்ஏ பிரித்தெடுப்பு

100 மில்லிகிராம் இலையை உறைந்த நிலையிலேயே மாவாக அரைத்து, உருகுவதற்குள் 1 மில்லிலிட்டர் டிரைசாலில் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து 0.2 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம், 15 விநாடி குலுக்கல், 12,000 ஜி விசையில் 15 நிமிடம், 4 டிகிரியில். மேலடுக்கை மட்டும் எடுங்கள். இடைப்படலத்தைத் தொட்டால் டிஎன்ஏ கூடவே வரும். பிறகு 0.5 மில்லிலிட்டர் ஐசோபுரொப்பனால், 75 சதவீத எத்தனால் கழுவல், 30 முதல் 50 மைக்ரோலிட்டர் நியூக்ளியேஸ் அற்ற நீர்.

வீழ்படிவு வெள்ளையாக இல்லாமல் ஜெல்லி போல வந்தால் அது பல்சர்க்கரை. அடுத்த முறை ஐசோபுரொப்பனாலைப் பாதியாக்கி, மீதிப் பாதிக்கு 0.8 மோலார் சோடியம் சிட்ரேட்டும் 1.2 மோலார் உப்பும் கலந்த கரைசலைச் சேருங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இது போதும். மாவிலைக்கு டிரைசால் சரிவராது, சிடாப் முறைக்குப் போக வேண்டும்.

260/280 விகிதம் 2.0 பக்கம், 260/230 விகிதம் 1.8-க்கு மேல். ஜெல்லில் ஓட்டினால் இரண்டு பட்டைக்குப் பதில் நான்கைந்து தெரியும். பயப்படாதீர்கள். 25எஸ், 18எஸ் தவிரப் பசுங்கணிகத்தின் ரைபோசோம் ஆர்என்ஏக்களும் பச்சை இலையில் நிறைய உண்டு. சிதைவு என்றால் பட்டை கூடாது. பட்டைக்குக் கீழே புகைபோல இழுக்கும். மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் ஆர்என்ஏவை நீரில் கரைத்து வைக்காமல், எத்தனாலில் வீழ்படிவாகவே -20 டிகிரியில் விட்டுவைப்பது பாதுகாப்பு.

4. ஓரங்கள்

பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கூறுகள் மரபுத்தொகுதியின் இரு முனைகளில் இருக்கின்றன. சாதாரண ஆர்டி-பிசிஆரில் முதலில் தொலைவதும் அந்த முனைகள்தான். காரணம் எளிது: ப்ரைமர் உட்கார்ந்த இடத்தில் நீங்கள் படிப்பது வைரஸின் வரிசையை அல்ல, நீங்கள் வாங்கிய ப்ரைமரின் வரிசையை. வைரஸில் அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ப்ரைமர் அதை மூடி மறைத்துவிடும். தற்செயல் ஹெக்ஸாமர் ப்ரைமர்களும் கடைசிச் சில எழுத்துகளைப் பிடிக்காது. எனவே தெரிந்த நடுப்பகுதியிலிருந்து முனை வரை படிக்கும் ரேஸ் (RACE) முறைதான் வழி.

3' முனையில் பாலி-ஏ வால் இல்லாத வைரஸ்களுக்கு முதலில் ஒரு வாலை ஒட்ட வேண்டும். இ. கோலை பாலி-ஏ பாலிமரேஸ் கொண்டு ஏ-வால் ஒட்டி, ஆலிகோ-டிடி ப்ரைமரால் படிப்பது பலரும் செய்யும் முறை. இதில் ஒரு பொறி இருக்கிறது. வெள்ளரி மொசைக் வைரஸ் சி-சி-ஏ என்று முடியும். நீங்கள் ஒட்டிய வாலும் ஏ-ஏ-ஏ என்று தொடங்கும். வரிசையைப் பார்க்கும்போது சி-சி-க்குப் பிறகு ஏ-க்கள் வரிசைகட்டி நிற்கும். அதில் வைரஸின் ஏ எது, நீங்கள் ஒட்டிய ஏ எது? சொல்லவே முடியாது. வைரஸ் சி-சி என்று முடிந்திருந்தாலும் இதே படம்தான் வரும். டைரோசின் ஏறுவது அந்தக் கடைசி ஏ-யின் மீதுதான் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

தீர்வு: வாலுக்குப் பதில் இணைப்பான். முன்னரே அடினைலேற்றம் செய்த 3' இணைப்பானை, குறுக்கப்பட்ட டி4 ஆர்என்ஏ லிகேஸ் 2 கொண்டு, 15 முதல் 25 சதவீதம் பிஇஜி 8000 சேர்த்து, 16 டிகிரியில் இரவு முழுதும் ஒட்டவிடுங்கள். இணைப்பானின் முதல் எழுத்து ஏ ஆக இருக்கக் கூடாது. லிகேஸ் சேர்க்கும் முன் ஆர்என்ஏவை 70 டிகிரியில் 2 நிமிடம் சூடாக்கிப் பனிக்கட்டியில் வையுங்கள். இல்லையென்றால் டிஆர்என்ஏ போன்ற மடிப்பு முனையை உள்ளே ஒளித்துக்கொள்ளும், இணைப்பான் ஒட்டாது.

மறுதலைப் படியெடுப்பை 50 முதல் 55 டிகிரியில், வெப்பம் தாங்கும் நொதி கொண்டு செய்யுங்கள். 42 டிகிரியில் நொதி, எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து இறுகிய தண்டுப் பகுதியின் அடியில் முட்டி நின்றுவிடும். எல்லாக் குளோனும் ஒரே இடத்தில் முடிந்தால் அது உண்மையான முனையா, நொதி நின்ற இடமா என்று சந்தேகப்படுங்கள். வெப்பநிலையை மாற்றிச் செய்தும் முடிவு அதே இடத்தில் இருந்தால் நம்பலாம்.

5' முனையில் கேப் இருக்கிறதா என்று வைரஸ் இனத்தைப் பார்த்து முடிவெடுங்கள். வெள்ளரி மொசைக், புகையிலை மொசைக் வைரஸ்களுக்குக் கேப் உண்டு. பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் உள்ளிட்ட பொட்டிவைரஸ்களுக்குக் கேப்பின் இடத்தில் விபிஜி என்ற புரதம். தக்காளி புதர்க்குட்டை வைரஸுக்கு இரண்டும் இல்லை. கேப் உள்ளவற்றுக்கு ஆர்பிபிஎச் நொதியால் கேப்பை நீக்கி இணைப்பான் ஒட்டலாம், அல்லது வார்ப்பு மாற்றும் முறையில் படியெடுக்கலாம். பின்னதில், கேப்புக்கு எதிரே நொதி ஒரு கூடுதல் சி போடும். வரிசையில் அது ஒரு கூடுதல் ஜி ஆகத் தெரியும். சில குளோனில் ஜி-ஜி-யு, சில குளோனில் ஜி-யு என்று வந்தால் உண்மையான தொடக்கம் ஜி-யு.

ஒவ்வொரு முனைக்கும் குறைந்தது எட்டு முதல் பத்துக் குளோன்கள் படியுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். சாங்கர் வரிசையறிதலுக்கு மாதிரி அனுப்புவது கடினமல்ல. இரண்டு குளோனோடு நிறுத்தி மிச்சம் பிடிக்கும் பணத்தைப் போல மூன்று மடங்கு பிற்பாடு கரையும்.

5. ஒப்பீடும் கணினி மடிப்பும்

உங்கள் வரிசையை ஜென்பேங்கில் உள்ள 15, 20 தனிமைகளோடு (வெவ்வேறு இடங்களில் பிரித்தெடுத்த வகைகள்) மாஃப்ட் மென்பொருள் கொண்டு அடுக்குங்கள். தேடுவது ஒன்றே ஒன்று: எழுத்து மாறியும் இணை மாறாத இடங்கள். ஒரு வகையில் ஜி-சி, இன்னொன்றில் ஏ-யு என்று இரண்டு பக்கமும் சேர்ந்து மாறியிருந்தால், அந்தத் தண்டைப் பரிணாமம் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று பொருள். ஆர்ஸ்கேப் மென்பொருள் இதைப் புள்ளியியல்படி சோதிக்கும். எல்லா வரிசையும் 98 சதவீதம் ஒன்றாக இருந்தால் மாற்றமே இல்லை, சோதிக்கவும் ஒன்றுமில்லை. அப்போது அதே பேரினத்தின் தக்காளி ஆஸ்பெர்மி வைரஸ், நிலக்கடலைக் குட்டை வைரஸ் ஆகியவற்றையும் சேருங்கள்.

மடிப்பைக் கணிக்கும் ஆர்என்ஏஃபோல்டு மென்பொருளின் இயல்பு வெப்பநிலை 37 டிகிரி. அது மனித உடலுக்கு. செடிக்கு 25 என்று மாற்றுங்கள். முழு மரபுத்தொகுதியையும் ஒரே மூச்சில் மடிக்காமல் 150 முதல் 200 எழுத்துச் சாளரமாக, 20 எழுத்து நகர்த்தி நகர்த்தி மடியுங்கள். மிகக் குறைந்த ஆற்றல் உள்ள ஒரே படத்தை வைத்துக்கொண்டு உட்காராமல் ஒவ்வோர் இணையின் நிகழ்தகவையும் பாருங்கள். 0.9-க்கு மேல் உள்ள தண்டுகள் பேச்சுக்குரியவை, 0.4 என்றால் பாதி நேரத்துக்கு மேல் அது வேறு வடிவத்தில் இருக்கிறது.

ஆர்என்ஏஃபோல்டுக்குப் போலி முடிச்சு தெரியாது. ஒரு கொண்டை ஊசியின் வளையம் வெளியே உள்ள எழுத்துகளோடு இணைந்தால் அதுதான் போலி முடிச்சு. வைரஸ்கள் இதை அள்ளி அள்ளிப் பயன்படுத்துகின்றன. புகையிலை மொசைக் வைரஸின் 3' பகுதியில் மட்டும் டிஆர்என்ஏ அமைப்புக்கு முன்னால் மூன்று முடிச்சுகள் அடுத்தடுத்து உண்டு. ஐபிநாட், பிகிஸ் போன்ற மென்பொருள்களையும் ஓட்டிப் பாருங்கள். தொலைதூர இணைப்பை எந்தச் சாளரமும் காட்டாது. பார்லி மஞ்சள் குட்டை வைரஸில் சட்டக நழுவலுக்கு (ரைபோசோம் ஓர் எழுத்து பின்னால் நழுவிப் படிப்பது) உதவும் துணை வரிசை, நழுவும் இடத்திலிருந்து ஏறத்தாழ 4,000 எழுத்துத் தள்ளி இருக்கிறது.

6. எதைத் தேடுவது

5' முன்பகுதி: புகையிலை மொசைக் வைரஸின் 68 எழுத்து ஒமேகா முன்பகுதியில் சி-ஏ-ஏ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும், மடிப்பு அநேகமாக இல்லை. மடிப்பில்லாமல் இருப்பதும் ஒரு கூறுதான். அங்கே தண்டு தேடி ஏமாறாதீர்கள்.

நிறுத்தத்தைத் தாண்டிப் படித்தல்: அதே வைரஸில் யு-ஏ-ஜி நிறுத்தத்தை அடுத்து சி-ஏ-ஏ-யு-யு-ஏ வரும். ரைபோசோம் பெரும்பாலும் நின்று 126 கிலோடால்டன் புரதம் தரும். நூற்றில் ஐந்து பத்து முறை தாண்டிப் போய் 183 கிலோடால்டன் நகலெடுப்பு நொதியைத் தரும். நிறுத்தத்துக்குப் பின் வரும் ஆறு எழுத்தில் இந்தச் சாயல் இருக்கிறதா பாருங்கள்.

சட்டக நழுவல்: மூன்று ஒரே எழுத்து, மூன்று ஒரே எழுத்து, ஒரு கடைசி எழுத்து, இப்படி ஏழெழுத்து நழுவுமிடம். பார்லி மஞ்சள் குட்டை வைரஸில் அது ஜி-ஜி-ஜி-யு-யு-யு-யு. அதற்கு 5 முதல் 9 எழுத்துக்குப் பின் ஒரு தண்டோ முடிச்சோ இருக்க வேண்டும். இடைவெளி 15 என்றால் தற்செயல் ஒற்றுமை.

நகலெடுப்பு நழுவல்: பொட்டிவைரஸ்களில் ஜி-க்குப் பின் ஆறு ஏ வரும் இடத்தில் நகலெடுக்கும் நொதி ஒரு ஏ கூடுதலாகப் போட்டுவிடும், பிபோ என்ற மறைந்த மரபணு அதனால் வெளிப்படும். 2008-இல்தான் அந்த மரபணுவே கண்ணில் பட்டது. பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் வைத்திருப்பவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டிய இடம் இது.

கேப் இல்லா மொழிபெயர்ப்பு ஊக்கி: கேப்பும் வாலும் இல்லாத வைரஸ்களின் 3' முனையில் இருக்கும். செடியின் மொழிபெயர்ப்புக் காரணியைப் பிடித்து, 5' முனையோடு வளையத்துக்கு வளையம் முத்தமிட்டு, காரணியை அங்கே கொண்டு சேர்க்கும். வெள்ளரி மொசைக் வைரஸில் இதைத் தேட வேண்டாம்.

7. மடிப்பை வேதியியலால் கேட்பது

ஷேப் (SHAPE) முறையில் 1எம்7 என்ற வேதிப்பொருள் இணையாமல் தளர்ந்து நிற்கும் எழுத்துகளின் சர்க்கரையில் ஒட்டும். தண்டில் இறுகியிருப்பவற்றில் ஒட்டாது.

1 முதல் 2 பிக்கோமோல் ஆர்என்ஏவை 12 மைக்ரோலிட்டரில் எடுத்து 95 டிகிரியில் 2 நிமிடம், உடனே பனிக்கட்டி. மடிப்புக் கரைசல் 6 மைக்ரோலிட்டர் சேருங்கள், இறுதியில் 100 மில்லிமோலார் ஹெப்பெஸ் (பிஎச் 8.0), 100 மில்லிமோலார் உப்பு, 10 மில்லிமோலார் மெக்னீசியம் இருக்க வேண்டும். 37 டிகிரியில் 20 நிமிடம். இரண்டாகப் பிரித்து, ஒரு 9 மைக்ரோலிட்டரில் டிஎம்எஸ்ஓவில் கரைத்த 65 மில்லிமோலார் 1எம்7 ஒரு மைக்ரோலிட்டர், மற்றதில் வெறும் டிஎம்எஸ்ஓ. 1எம்7-இன் அரை ஆயுள் 14 விநாடி; 70 விநாடியில் வேலை முடிந்துவிடும்.

எல்லா எழுத்தும் குறைவாக ஒட்டியதாகக் காட்டினால், ஆர்என்ஏவைக் குற்றம் சொல்லும் முன் டிஎம்எஸ்ஓ புட்டியைப் பாருங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி திறந்த புட்டி காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், 1எம்7 அதிலேயே செத்திருக்கும். மெக்னீசியம் மறந்தால் தண்டு வரும், போலி முடிச்சு வராது. படியெடுப்பு ப்ரைமர் உட்காரும் கடைசி 20 எழுத்துகளின் தகவல் கிடைக்காது. நமக்கு வேண்டியதே அந்த 3' முனை என்றால் ஆர்என்ஏவின் பின்னால் ஒரு தனித் தண்டைத் துணையாகச் சேர்த்துத் தயாரியுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் கிடைக்கும் சீராக்கிய வினைத்திறன் எண்களில் 0.4-க்குக் கீழ் இறுக்கம், 0.85-க்கு மேல் தளர்வு. நடுவில் உள்ளதை இழுத்து எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள்.

8. உடைத்து, மீண்டும் ஒட்டிப் பார்ப்பது

மொத்த வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது. ஐந்து இணை உள்ள ஒரு தண்டை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் 5'-இலிருந்து ஜி-ஜி-சி-ஏ-சி. வலப்பக்கம் 5'-இலிருந்து ஜி-யு-ஜி-சி-சி. இடத்தின் முதல் எழுத்து வலத்தின் கடைசி எழுத்தோடு இணையும். தாளில் எழுதிப் பாருங்கள், ஐந்தும் பொருந்தும்.

முதல் திரிபு: இடப்பக்கத்தின் இரண்டாம், மூன்றாம் எழுத்துகளை இடம் மாற்றி ஜி-சி-ஜி-ஏ-சி ஆக்குங்கள். வலப்பக்கம் பழையபடியே. இப்போது நடுவில் சி-க்கு எதிரே சி, ஜி-க்கு எதிரே ஜி. தண்டு உடையும்.

இரண்டாம் திரிபு: இடப்பக்கம் பழையபடி, வலப்பக்கத்தை மட்டும் ஜி-யு-சி-ஜி-சி ஆக்குங்கள். மறுபடி உடையும்.

மூன்றாவது: இரண்டு மாற்றத்தையும் ஒரே ஆர்என்ஏவில் வையுங்கள். எழுத்துகள் முதலில் இருந்தவை அல்ல, ஆனால் ஐந்து இணையும் திரும்ப வந்துவிட்டன. முதல் இரண்டில் செயல் விழுந்து, மூன்றாவதில் மீண்டால், வேலை செய்வது வடிவம் என்று உரத்துச் சொல்லலாம். மூன்றாவதிலும் மீளவில்லை என்றால் அந்த எழுத்துகளையே ஏதோ ஒரு புரதம் பிடிக்கிறது, அல்லது உங்கள் தண்டு அங்கே இல்லவே இல்லை. முதல் திரிபை மட்டும் செய்து, செயல் விழுந்தது, ஆகவே தண்டு முக்கியம் என்று எழுதும் ஆய்வேடுகள் நிறைய. அந்த ஒற்றைத் திரிபு தண்டைப் பற்றி எதையும் நிரூபிக்காது. எழுத்து மாறியதால் விழுந்திருக்கலாமே.

இரண்டு எச்சரிக்கை. மாற்றிய இணைகளின் ஆற்றல் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஜி-சி-யை ஏ-யு ஆக்கினால் தண்டு பலவீனமாகி, மீட்பு பாதியில் நிற்கும். தண்டு புரதப் பகுதிக்குள் இருந்தால் அமினோ அமிலம் மாறாத திரிபை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு திரிபையும் 25 டிகிரியில் கணினியில் மடித்துப் பாருங்கள், புது எழுத்துகள் வேறெங்காவது போய் ஒட்டிக்கொள்ளக் கூடும்.

9. செயலை அளப்பது

மொழிபெயர்ப்புக் கூறு என்றால், ஒளி தரும் நொதியான மின்மினி லூசிஃபெரேஸுக்கு முன்னும் பின்னும் வைரஸின் 5', 3' பகுதிகளை வைத்து, டி7 பாலிமரேஸ் கொண்டு ஆர்என்ஏ தயாரித்து, கோதுமை முளைச் சாறில் 25 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் ஓட்டுங்கள். முயல் ரெட்டிகுலோசைட் சாறு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கேப்பைப் பொருட்படுத்தாமலே மொழிபெயர்க்கும், செடியின் காரணிகளும் அதில் இல்லை. பொட்டாசியத்தை 50 முதல் 150 மில்லிமோலார் வரை மாற்றி முதலில் ஓர் ஓட்டம் பாருங்கள். ஆர்என்ஏ அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நல்ல கூறும் கெட்ட கூறும் ஒன்றாகத் தெரியும். காரணிகளுக்குப் போட்டி இருக்கும் குறைந்த அளவில்தான் வித்தியாசம் வெளிவரும்.

டி7 பாலிமரேஸ் முனையில் தன் இஷ்டத்துக்கு ஓர் எழுத்துக் கூட்டிப் போடும். சி-சி-ஏ துல்லியமாக முடிய வேண்டுமென்றால், பிசிஆர் வார்ப்பின் பின்ப்ரைமரில் 5' பக்கத்து முதல் இரண்டு எழுத்துக்கு 2'-ஓ-மெத்தில் மாற்றம் வைத்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், தொல்லை குறையும்.

தாண்டிப் படித்தலுக்கும் சட்டக நழுவலுக்கும் இரட்டை லூசிஃபெரேஸ்: முன்னால் ரெனில்லா, நடுவில் உங்கள் கூறு, பின்னால் மின்மினி. நிறுத்தம் இல்லாத, சட்டகம் பொருந்திய கட்டமைப்பை நூறு என வைத்து விகிதம் போடுங்கள். செல்லுக்குள் டிஎன்ஏவாகக் கொடுத்தால் உட்கருவில் மறைமுக ஸ்பிளைசிங்கோ மறைந்த படியெடுப்பு ஊக்கியோ பொய்க் கணக்குக் காட்டலாம். புரோட்டோபிளாஸ்டில் (சுவர் நீக்கிய தாவரச் செல்) நேரடியாக ஆர்என்ஏவைச் செலுத்தினால் அந்தச் சந்தேகம் இல்லை. மூன்று தனித்தனி ஆர்என்ஏ தயாரிப்புகள் வேண்டும். ஒரே தயாரிப்பை மூன்று குழியில் ஊற்றுவது ஒரு சோதனைதான், மூன்றல்ல.

இலையில் அக்ரோபாக்டீரியம் மூலம் பார்க்க, 4 முதல் 5 வார நிக்கோட்டியானா பெந்தாமியானா, 600 நானோமீட்டரில் அடர்த்தி 0.5, 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்இஎஸ் (பிஎச் 5.6), 150 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன், இரண்டு மூன்று மணி நேரம் காத்திருப்பு. செடி அறை 22 முதல் 25 டிகிரி. தருமபுரியின் ஏப்ரல், மே வெயிலில் குளிர்சாதனம் நின்று அறை 30-ஐத் தொட்டால் பாக்டீரியம் டிஎன்ஏவை மாற்றுவதே படுத்துவிடும். அந்த வாரத்துத் தரவை ஒதுக்கிவையுங்கள்.

10. துணை ஆர்என்ஏக்கள்

வெள்ளரி மொசைக் வைரஸின் உறைப்புரதம் மூன்றாம் ஆர்என்ஏவிலிருந்து நேரடியாக வராது. அதிலிருந்து பிறக்கும் சுமார் 1,000 எழுத்துள்ள நான்காம் ஆர்என்ஏவிலிருந்து வரும். இதை உருவாக்கும் படியெடுப்பு ஊக்கியைச் சோதிக்க நார்தர்ன் பிளாட், அதாவது ஆர்என்ஏவை நீளப்படி பிரித்துப் படலத்தில் பார்க்கும் முறை. 3' முனை எல்லாவற்றுக்கும் பொது என்பதால் ஒரே ஒரு துருவி (அந்த வரிசையோடு ஒட்டும் அடையாளத் துண்டு) போதும், நான்கு பட்டையும் ஒரே படலத்தில் ஏறுவரிசையில் நிற்கும். 300 முதல் 400 எழுத்து உயரத்தில் எதிர்பாராத பட்டை ஒன்று வந்தால் புது ஊக்கி கண்டுபிடித்ததாகக் கொண்டாடாதீர்கள். வைரஸோடு ஒட்டிப் பிழைக்கும் துணைக்கோள் ஆர்என்ஏ 330 முதல் 400 எழுத்து நீளம்; அதற்கெனத் தனித் துருவி போட்டுப் பாருங்கள். வைரஸ் ஆர்என்ஏவை நொதி அரித்துக்கொண்டே வந்து ஒரு முடிச்சில் முட்டி நின்ற மிச்சமும் துணை ஆர்என்ஏ போலத் தோன்றும். டயாந்தோவைரஸ்களில் இப்படியான முடிச்சு நன்கு தெரிந்தது. எக்ஸ்ஆர்என்1 நொதியைக் குழாயில் சேர்த்தால் அதே நீளம் வருகிறதா என்று பார்த்துப் பிரித்தறியலாம்.

மாற்றிய முழு வைரஸைச் செடியில் ஏற்ற நினைத்தால், அதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். பூட்டிய அறை, பூச்சி நுழையாத வலை, முடிந்த செடியை ஆட்டோகிளேவில் வேகவைத்தல். அசுவினி பரப்பும் வைரஸ், வெளியே தக்காளிக்காடு. இதில் சமரசம் இல்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு லூசிஃபெரேஸ் கட்டமைப்பே பதில் சொல்லிவிடும்.

இதனால் விவசாயிக்கு என்ன என்று வயலில் கேட்பார்கள். முலாம்பழத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அதில் என்எஸ்வி என்ற எதிர்ப்பு மரபணு, இஐஎஃப்4இ என்ற மொழிபெயர்ப்புக் காரணியில் ஒரே ஓர் அமினோ அமில மாற்றம். முலாம்பழக் கருகல்புள்ளி வைரஸின் 3' மொழிபெயர்ப்பு ஊக்கி அந்தக் காரணியைப் பிடிக்க முடியாமல் போக, செடி தப்பிக்கிறது. ஆனால் வேறொரு வைரஸின் ஊக்கியைத் தன் 3' முனையில் சேர்த்துக்கொண்ட ஒரு வகை அந்த எதிர்ப்பைத் தாண்டிவிட்டது. எதிர்ப்பு ரகம் எதை நம்பி நிற்கிறது, எங்கே உடையும் என்பதற்கு விடை அந்த நூறு எழுத்துக்குள் இருந்தது.

11. பதிவேற்றம்

வரிசையை ஜென்பேங்கில் ஏற்றும்போது பயிர், ரகம், பறித்த தேதி, ஊர், மாவட்டம் எல்லாவற்றையும் எழுதுங்கள். முழு மரபுத்தொகுதி என்ற பெயரில் அங்கே கிடக்கும் வரிசைகளில் சிலவற்றின் முதல் 20, கடைசி 20 எழுத்துகள் ப்ரைமரின் எழுத்துகளே. அவற்றை நம்பி அடுக்கினால் முனைகள் அபாரமாகப் பாதுகாக்கப்பட்டிருப்பது போலத் தோன்றும். உண்மையில் எல்லோரும் ஒரே ப்ரைமரை வாங்கியிருப்பார்கள். ஐந்தாம் படியில் ஒப்பீட்டுக்கு எடுத்த ஒவ்வொரு வரிசைக்கும் ரேஸ் செய்தார்களா என்று மூலக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். உங்கள் வரிசையில் ஒரு முனை மட்டும் ரேஸால் உறுதியாகி மற்றது ஆகவில்லை என்றால், ப்ரைமர் பகுதியை வெட்டிவிட்டு, பகுதி வரிசை என்று குறித்தே ஏற்றுங்கள்.